தோள் எலும்பில் ஓர் ஓட்டை

அத்தியாயம் 4

ஷர்காட் பள்ளத்தாக்கில் எங்களுக்காக யாரும் நாயைக் கட்டவில்லை. எங்கள் மங்கோலிய மண்ணில் "திரும்பிப் போ" என்று இதைவிடப் பச்சையாகச் சொல்ல முடியாது. நேற்று மதியம் வண்டியை நிறுத்திவிட்டு, முறைப்படி "நாயைப் பிடிங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூடார வாசலில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், நாயைப் பார்த்தார்கள், பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். என் கால்சட்டையின் பின்பக்கத்துக் கிழிசல் அந்த வரவேற்பில் கிடைத்தது.

என் பெயர் சோத்னோம். யாஞ்மா அக்காவுக்கு டிரைவர், எடுபிடி, பேச்சுத்துணை, திட்டுவதற்குக் கைவசம் இருக்கும் ஆள். அக்கா மாகாணப் போலீஸில் பல வருஷம் துப்பறிந்தவள். பெரிய அதிகாரியின் மைத்துனனையே கையும் களவுமாகப் பிடித்து உள்ளே தள்ளியதால் வேலையை விடும்படி ஆயிற்று. இப்போது யார் கூப்பிட்டாலும் போகிறோம். இந்தத் தடவை கூப்பிட்டது உலான்பாத்தரில் இருக்கும் ஒரு சங்கம். பனிச்சிறுத்தையைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை.

சங்கத்துக்கும் ஷர்காட்டுக்கும் ஓர் ஒப்பந்தம். இங்கே பெண்கள் ஆட்டுக்கம்பளியை வெந்நீர் விட்டு உருட்டி அழுத்திச் செருப்பும் விரிப்பும் செய்கிறார்கள். சங்கம் அதை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்ளும். பதிலுக்கு மலையில் சிறுத்தை மீதும், அதற்கு இரையான காட்டு ஆடு மீதும் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்த வீடு மட்டும் வெளியே. ஊரே சேர்ந்து மறைத்தால் ஊரே வெளியே. அப்புறம் கம்பளியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். வாங்க வேறு நாதி கிடையாது.

இப்படி இருக்கும்போது மலை இடுக்கில் பெரிய கொம்புள்ள ஒரு காட்டு ஆடு செத்துக் கிடந்தது. சிறுத்தை அடித்தது என்று ஊர் சொன்னது. அடுத்த நாளே பெயர் சொல்லாத யாரோ சங்கத்துக்குப் போன் செய்து, காற்று இரைச்சலுக்கு நடுவே, சிறுத்தை இல்லை, துப்பாக்கி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். அதனால்தான் நாங்கள் வந்தோம். அதனால்தான் நாயும் கட்டப்படவில்லை.

இன்று காலை ஊர்த்தலைவர் பல்ஜிர் எங்களை அந்த இடுக்குக்குக் கூட்டிப்போனார். அறுபது வயது, குதிரையை விட்டு இறங்காமலே பேசுகிற ஆள். கூடவே ஐந்தாறு பேர் சுற்றி வந்தார்கள். காவல் எங்களுக்கா, எலும்புக்கா என்று எனக்குப் புரியவில்லை.

தலை, முதுகெலும்பு, விலாக்கூடு, சிதறிய கால் எலும்புகள். சுற்றிலும் சிறுத்தையின் காலடி அச்சாகப் பதிந்திருந்தது. அதில் பொய்யே இல்லை, மிச்சத்தை நக்க அது வந்துதான் போயிருந்தது. பல்ஜிர் சாட்டையால் காலடியைக் காட்டி, பார்த்தாச்சு இல்லையா, பனி விழுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றார். மற்றவர்கள் குதிரைகளை நகர்த்தி எங்களை நெருக்கினார்கள். ஒரு குதிரையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது.

அக்கா அவசரப்படவில்லை. எலும்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கடைசியில் அகலமான ஒரு தோள்பட்டை எலும்பை எடுத்து வெயிலில் பிடித்தாள். நடுவில், தட்டையான இடத்தில், சின்னதாக ஓர் ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது.

எங்கள் ஜனத்தில் தோள் எலும்பை முழுசாக வெளியே எறிகிற கை கிடையாது. முழு எலும்பு கெட்ட ஆவிகளின் கையில் சிக்கினால் குடும்பத்துக்கு ஆகாது. அதனால் தின்று முடித்ததும் கத்தி முனையால் நடுவில் ஒரு குத்து, அப்புறம்தான் எறிவோம். நினைத்துச் செய்கிற காரியம் இல்லை இது, தும்மினால் கண் மூடுகிற மாதிரி.

"தலைவரே, உங்க ஊர்ச் சிறுத்தை கத்தி வெச்சிருக்குமா?" என்றாள் அக்கா.

பல்ஜிரின் கண் ஒரு கணம் தன் வலது கையைப் பார்த்தது. அதை நான் கவனித்தேன். நான் கவனித்தால் அக்கா எப்போதோ கவனித்திருப்பாள்.

எலும்பை என்னிடம் நீட்டினாள். முகர்ந்தேன். வெளுத்துப்போன, வெந்த எலும்பு. "உப்பு போட்டு வேக வெச்சிருக்கு அக்கா. ரொம்பச் சுத்தமான சிறுத்தை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு இந்த ஊர் ஒத்துவராது.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. காலையிலிருந்து சிறுத்தை, சிறுத்தை என்று சாதித்தவர்கள் ஒரே மூச்சில் கட்சி மாறிவிட்டார்கள். அப்படியென்றால் இது தாம்பாவின் வேலை என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மாதிரி அத்தனை வாயிலும் ஒரே பெயர். தாம்பாவின் அப்பன் அந்தக் காலத்தில் சிறுத்தைத் தோல் விற்றவன், ரத்தம் எங்கே போகும் என்றார்கள். சங்கத்துக்குப் போன் செய்ததும் அவனாகத்தான் இருக்கும், காட்டிக் கொடுப்பது அவன் குலத்தொழில் என்றார்கள். தானே சுட்டுவிட்டுத் தானே ஏன் போன் செய்வான் என்று கேட்க நினைத்தேன். கழுத்தில் குதிரை மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

போன வருஷம் மலையில் யாரோ வைத்த கம்பிக் கண்ணிகளைப் பிடுங்கிச் சங்கத்தில் கொடுத்தவன் இந்தத் தாம்பா. கண்ணி பல்ஜிரின் மச்சானுடையது. மச்சான் வீடு ஒப்பந்தத்தை விட்டு வெளியே போயிற்று. அன்றிலிருந்து தாம்பாவோடு ஊரில் யாரும் பேசுவதில்லை.

"ஒரு வீடு போனா போகட்டும் தங்கச்சி, ஊர் பிழைக்கட்டும். அவன் பேரை எழுது. குளிர் இறங்கறதுக்குள்ள அவனை நாங்க மலையை விட்டு இறக்கிடறோம்," என்றார் பல்ஜிர்.

இறக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தாம்பாவின் குளிர்காலப் பட்டி காற்றுப் படாத மலை மடிப்பில் இருக்கிறது, ஊரிலேயே நல்ல இடம். அங்கிருந்து சமவெளிக்குத் துரத்தினால் முதல் பனிப்புயலில் அவன் மந்தை மொத்தமும் நின்ற இடத்திலேயே விறைத்துவிடும். மந்தை போனால் மனிதன் எங்கே நிற்பான்? அந்த இடத்துக்கு யார் குடிபோவது என்றுகூட இவர்கள் பேசி முடித்திருந்தார்கள். வரும் வழியில் ஒருவன் மூத்த மகனின் கூடாரத்தை அங்கே போடப்போவதாகச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா எலும்பை அங்கியின் மார்புப் பைக்குள் செருகிக்கொண்டு, தாம்பாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்றாள்.

தாம்பாவும் நாயைக் கட்டவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒற்றுமை. நான் வண்டியின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டேன். அக்கா நாயை ஒரு பார்வை பார்த்தாள், அது ஒதுங்கிக்கொண்டது. அந்தப் பார்வை எனக்கும் பழக்கம்தான்.

கூடாரத்துக்குள் அவன் மனைவி பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டும் கை நிற்கவில்லை. தாம்பா உட்காரச் சொல்லவில்லை, டீயும் கொடுக்கவில்லை. எழுத வேண்டியதை எழுதிவிட்டுத்தானே வந்திருப்பீர்கள், வேடிக்கை பார்க்க வந்தீர்களா என்று கேட்டான்.

அக்கா போனைப் பற்றிக் கேட்டாள்.

"நான் பண்ணல. பண்ணியிருந்தா பேரைச் சொல்லித்தான் பண்ணியிருப்பேன். போன வருஷம் கண்ணியை மூஞ்சியைக் காட்டித்தானே கொடுத்தேன்? அதுக்குத்தானே இந்தப் பாடு?"

அக்கா எலும்பை அவன் முன்னால் நீட்டினாள். அவன் கையில் வாங்காமல் பார்த்தான். ஓட்டையைப் பார்த்தான். பிறகு எலும்பின் மேல்பக்கத்தைப் பார்த்தான். அங்கே கத்திக் கீறல்கள், மெல்லியதும் ஆழமானதும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தது. ஒரே ஆள் ஒரே கத்தியால் சீவிய எலும்பு இல்லை அது. தோள்கறியை யாரும் தனியாகத் தின்ன மாட்டோம். எலும்பு கைமாறிக்கொண்டே போகும், ஆளுக்கு ஒரு சீவல். பக்கத்துக் கூடாரத்துக்கும் பங்கு போகும்.

"உங்க வீட்ல கடைசியா எப்போ தோள்கறி வெந்துச்சு?" என்று அக்கா கேட்டாள்.

தாம்பா சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "பங்கு வைக்க ஆள் வேணுமே. ஊர்ல எல்லா வீட்டுக்கும் கறி போகுது. இந்த வாசலுக்கு ஒரு வருஷமா ஒரு துண்டு வந்ததில்ல. என் வீட்டு ஆட்டுத் தோளை நாங்களும் சமைக்கல. அப்படியே உறைஞ்சு கிடக்கு. வேணும்னா போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். வெளியே மரப்பெட்டியில், இந்தக் குளிர்காலத்துக்கு அறுத்த ஆடுகளின் தோள்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொடாமல் கிடந்தன. எனக்கு என்னவோ செய்தது. கறியைப் பார்த்து நான் வருத்தப்பட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அக்கா அவனிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள். எங்களோடு கம்பளிக் கொட்டகைக்கு வர வேண்டும், வாயைத் திறக்காமல் வாசலில் நின்றால் போதும். கட்டிய பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் சரி என்றான். குதிரையில் பின்னால் வந்தான். எங்கள் வண்டியில் ஏற மறுத்துவிட்டான்.

வண்டி பள்ளத்தில் இறங்கும்போது அக்கா திடீரென்று கேட்டாள்.

"சோத்னோம், நேத்து சாயங்காலம் என்ன தின்னே?"

"கறிதான். செர்மாக்கா வெச்சாங்களே. மூணு கிண்ணம்."

செர்மா கம்பளிப் பெண்களின் தலைவி, பல்ஜிரின் சொந்தத் தங்கை. நேற்று எங்களுக்குப் பரிமாறியபோது ஒரு தடவைகூட எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் அள்ளி அள்ளி வைத்துக்கொண்டே இருந்தது.

"கிண்ணத்துல என்ன இருந்துச்சு?"

"சொன்னேனே, கறி. எலும்பே இல்லாம, பொடிசா நறுக்கி, மெத்துனு..." சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. விருந்தாளிக்குக் கறியை எலும்போடுதான் வைப்போம். தோளோ தொடையோ, எந்த ஆட்டின் எந்தப் பாகம் என்று கண்ணால் பார்த்துத்தான் அவன் கத்தியை எடுப்பான். எலும்பை மறைக்கிற வீட்டை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"நாயைக்கூடக் கட்டாதவங்க உனக்கு எதுக்கு மூணு கிண்ணம் வைக்கணும்?" என்றாள் அக்கா. "நம்ம ஆட்டுத் தோளைவிட இது கையகலம் பெரிசு. எலும்போட வெச்சா மாட்டிக்குவாங்க. ஊரு தின்ன மிச்சக் கறியை நமக்குப் போட்டுட்டு, எலும்பைக் கொண்டுபோய் மலையில போட்டுட்டாங்க. போடறதுக்கு முன்னால பழக்கதோஷம், ஒரு குத்து."

வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. துப்பறிய வந்து துப்பைத் தின்றுவிட்டேன்.

"உங்களுக்கு எப்போக்கா தெரிஞ்சுது?"

"முதல் வாய்லயே சந்தேகம். குளிர்காலத்து ஆட்டுக்கறியில கொழுப்பில்லாம இருக்குமா?"

"அப்புறம் ஏன் ரெண்டாவது வாய்?"

"ஒரு சாட்சி பத்தாதுன்னு."

என்னை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். தடுத்திருந்தால் அவர்கள் உஷாராகி எலும்பை எரித்திருப்பார்கள் என்றாள். நியாயம்தான். ஆனாலும் என்னைத் தூண்டில் புழுவாக்கிவிட்டாளே என்று எனக்குக் கோபம்.

கம்பளிக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. பெண்கள் நனைந்த கம்பளிச் சுருளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நுழைந்ததும் உருட்டல் நின்றது. எங்களுக்குப் பின்னால் தாம்பா வாசலில் நின்றதைப் பார்த்ததும் ஒரு கிழவர் காறித் துப்பினார். பல்ஜிர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தாம்பாவின் பேரை எழுதியாச்சா என்று கேட்டார்.

அக்கா எலும்பை மேஜை மேல் வைத்தாள். ஓட்டை, கத்திக் கீறல், எலும்பில்லாத கிண்ணம் எல்லாவற்றையும் நாலு வரியில் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. பல்ஜிர் மட்டும் மெல்லச் சிரித்தார்.

"நல்லாத்தான் கண்டுபிடிச்சே. ஆனா நீயும் தின்னியே. உன் தடியனும் தின்னான். எங்களை எழுதினா உன்னையும் எழுதணும் தங்கச்சி. எழுதுவியா?"

கறியை ஏன் திணித்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மறைப்பதற்காக மட்டும் இல்லை, எங்கள் வாயைக் கட்டுவதற்கும்தான்.

"எழுதறேன்," என்றாள் அக்கா. "முதல் பேரு யாஞ்மா. ரெண்டாவது சோத்னோம், மூணு கிண்ணம்."

மூன்று கிண்ணம் என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் விழவில்லை.

பல்ஜிரின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து நின்று கத்தினார். பட்டிக் கூரை மேல் போடக் கம்பிவலை தருகிறோம் என்று சங்கம் சொல்லி இரண்டு குளிர்காலம் ஓடிவிட்டது. வலை வரவில்லை, சிறுத்தைதான் வந்தது. அவர் பட்டிக்குள் குதித்து, தின்றதைவிட அதிகமாகக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. காலையில் கதவைத் திறந்தால் மந்தையில் பாதி கிடக்கிறது. நகரத்தில் உட்கார்ந்துகொண்டு பூனைப் படம் பார்க்கிறவனுக்கு இது தெரியுமா என்று கேட்டார். கேட்டதில் பொய்யில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அது எங்க ஆட்டைத் தின்னுச்சு, யாரோ ஒருத்தன் அதோட ஆட்டைத் தின்னான். சரிக்குச் சரி," என்று முடித்தார்.

"வலை வராததையும் எழுதறேன். சங்கத்தோட மூஞ்சியிலயே எழுதறேன்," என்றாள் அக்கா. "ஆனா அந்த யாரோ ஒருத்தன் யாருன்னு நான் வண்டி ஏறறதுக்குள்ள சொல்லணும். சொல்லலைன்னா மறைச்சது ஊரு. ஊரே வெளியே."

எல்லோரும் தின்றவர்கள். யார் வாயைத் திறந்தாலும் அந்த வாயில் அதே கறி. பல்ஜிர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாட்டையை வாசலை நோக்கி நீட்டினார்.

"தாம்பாதான் சுட்டான். ஊரே சொல்லுது. எழுது."

கொட்டகையின் மூலையில் ஒரு பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. செர்மா சாக்குத்துணியில் சுற்றிய எதையோ எடுத்து வந்து மேஜை மேல் வைத்துப் பிரித்தாள். இன்னொரு தோள் எலும்பு. அதே அளவு, அதே வெளுப்பு. ஆனால் இதில் ஒரு பக்கம் கறி அப்படியே இருந்தது. நடுவில் ஓட்டை இல்லை.

"இதை எரிச்சுடுன்னு எங்கிட்ட கொடுத்தாரு அண்ணன்," என்றாள். "எரிக்க மனசு வரல. தோள்கறி எல்லா வீட்டுக்கும் போகணும். தாம்பா வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்துட்டு வரேன்னேன். அந்த நாய்க்கு எதுக்குன்னாரு. பங்கு முடியாத எலும்பை எப்படிக் குத்தி எறியறது? அன்னிக்கே சங்கத்துக்குப் போன் பண்ணிட்டேன். நானும்தான் தின்னேன், என் பேரையும் எழுதிக்கோங்க. சுட்டது என் அண்ணன்."

பல்ஜிர் சாட்டையைத் தூக்கினார். நான் நடுவில் போய் நின்றேன். நாய்க்குப் பின்பக்கத்தைக் கொடுத்தவன், தலைவருக்கு முன்பக்கத்தைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் தங்கையைப் பார்த்தார். சாட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஆள் யாரென்று சொல்லியாயிற்று, அதனால் ஊர் தப்பியது. ஆனால் இப்படி ஒரு கறை விழுந்த பிறகு ஒப்பந்தம் தொடர வேண்டுமானால், இதில் கை நனைக்காத ஒரு வீடு ஊருக்காகப் பொறுப்பேற்க வேண்டும். ஒப்பந்தத்தில் அப்படித்தான் பேச்சு. அக்கா அதைச் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கறியைத் தொடாத வீடு எது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திரும்பின. எல்லா வீட்டுக்கும் கொடுத்து, ஒரு வீட்டை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஊரில் சுத்தமாக மிஞ்சியது அந்த ஒரு வீடுதான். துப்பிய கிழவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாம்பா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. வேண்டாம் என்று அவன் சொன்னால் அத்தனை வீட்டுக் கம்பளியும் மூட்டையோடு மக்கிப்போகும். அவன் சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

செர்மா அடுப்பிலிருந்து பால் டீயை ஊற்றி, உப்புப் போட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒரு வருஷத்தில் அவனுக்கு நீட்டப்பட்ட முதல் கிண்ணம்.

"பொறுப்பு ஏத்துக்கறேன்," என்றான் தாம்பா. அக்காவைப் பார்த்துத்தான் சொன்னான். "வலை வந்ததும் முதல்ல பல்ஜிர் பட்டிக்குப் போடச் சொல்லுங்க. இல்லேன்னா சிறுத்தை மறுபடி வரும். அடுத்த தடவை இவர் சுடறது ஆடா இருக்காது."

பிறகு கிண்ணத்தைப் பார்த்தான்.

"டீ வேண்டாம்."

திரும்பி நடந்து குதிரையில் ஏறினான். மேட்டில் ஏறி மறைகிற வரை அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் மனைவியிடம் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. செர்மா வாசலிலேயே நின்றாள். டீ ஆறி ஆடை படிந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.